சைனஸ் ஆபரேஷன்: அலர்ஜி, ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ‘ஒருமுறை பண்ணா போதும்’ என்பது சரியா?

‘சைனஸுக்கு ஆபரேஷன் பண்ணேன். ஆறு மாசம் சூப்பரா இருந்துச்சு. இப்போ மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு.’ அலுவலக கேன்டீனில் யாராவது ஒருவர் தும்மினால் போதும், பக்கத்து மேசையிலிருந்து இப்படி ஒரு கதை வந்துவிடும். கூடவே இன்னொருவர், ‘அதான் நான் பண்ணவே இல்ல, அது எப்படியும் திரும்ப வரும்’ என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்.

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. சைனஸ் ஆபரேஷன் பெரும்பாலானவர்களுக்கு நல்ல பலன் தருகிறது, ஆஸ்துமா இருப்பவர்களுக்கும்கூட. ஆனால் அலர்ஜி, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது சிகிச்சையின் முடிவு கிடையாது. சிகிச்சை ஒழுங்காக உள்ளே போய்ச் சேர்வதற்கான வழியைத் திறந்துவிடும் வேலைதான் அது. இதை ஆபரேஷனுக்கு முன்பே தெளிவாகச் சொல்லாததுதான் பலரின் ஏமாற்றத்துக்குக் காரணம்.

முதலில், ‘சைனஸ்’ என்றால் என்ன?

‘எனக்கு சைனஸ் இருக்கு’ என்று சொல்வது நம் ஊர் வழக்கம். உண்மையில் சைனஸ் எல்லோருக்கும் இருக்கிறது. கன்னத்தின் உள்ளே, நெற்றியில், இரண்டு கண்களுக்கு நடுவே, மூக்குக்குப் பின்னால் ஆழத்தில் என நான்கு ஜோடி காற்றறைகளுக்குத்தான் அந்தப் பெயர். ஒவ்வொன்றும் ஒரு சிறிய துவாரம் வழியாக மூக்கோடு இணைந்திருக்கும். உள்ளே சுரக்கும் சளி அந்தத் துவாரம் வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

உள்சவ்வு வீங்கி இந்த வழி அடைபடும்போது தொல்லை தொடங்குகிறது. மூக்கடைப்பு, கெட்டியான சளி, முகத்தில் பாரம், வாசனை தெரியாமல் போவது ஆகியவைதான் முக்கிய அறிகுறிகள். இவற்றில் குறைந்தது இரண்டு (அதில் ஒன்று மூக்கடைப்பு அல்லது சளி ஒழுகுதல்) 12 வாரங்களுக்கு மேல் நீடித்து, எண்டோஸ்கோப்பிலோ சிடி ஸ்கேனிலோ அதற்கான தடயமும் தெரிந்தால் அதுதான் நாள்பட்ட சைனஸ் அழற்சி. சிலருக்கு இதோடு, திராட்சை போல வழவழப்பான சதையும் மூக்கில் வளரும். அதற்குப் பெயர் பாலிப்.

வெறும் தலைவலியை வைத்து ‘தலையில நீர் கோத்துக்கிச்சு, சைனஸ்தான்’ என்று முடிவு செய்வது பெரும்பாலும் தவறாகிவிடும். மைக்ரேன் தலைவலியை சைனஸ் என்று நினைத்து வருடக்கணக்கில் ஆவி பிடிப்பவர்கள் ஏராளம். தவறான நோய்க்குச் செய்த ஆபரேஷன் எப்படிப் பலன் தரும்?

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

இன்று பரவலாகச் செய்யப்படுவது எண்டோஸ்கோப் வழி சைனஸ் ஆபரேஷன். மருத்துவமனைச் சீட்டில் ‘எஃப்.இ.எஸ்.எஸ்’ என்று எழுதியிருப்பார்கள், பேச்சில் ‘ஃபெஸ்’. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் வால்டர் மெஸ்ஸர்கிளிங்கர், ஹைன்ஸ் ஸ்டாம்பெர்கர் ஆகியோர் வளர்த்தெடுத்த முறை இது. 1980களில் அமெரிக்காவின் டேவிட் கென்னடி போன்றவர்கள் இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள்.

முகத்தில் கத்தி வைப்பதில்லை, வெளியே தழும்பும் இருக்காது. மூக்குத் துவாரம் வழியாக மெல்லிய எண்டோஸ்கோப்பை விட்டு, அடைபட்ட வாசல்களைப் பெரிதாக்கி, பாலிப் இருந்தால் அதையும் எடுத்துவிடுவார்கள். கண்ணுக்கும் மூளைக்கும் மிக அருகில் நடக்கும் வேலை என்பதால் பயம் இயல்புதான். ஆனால் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 3,128 நோயாளிகளைக் கண்காணித்த பெரிய தணிக்கையில், தீவிரமான சிக்கல் ஏற்பட்டவர்கள் 0.4 சதவீதம்தான்.

அடைப்பு என்பது பிளம்பிங் பிரச்சினை, அதை ஆபரேஷன் சரிசெய்யும். ஆனால் சவ்வு ஏன் வீங்கியது என்பது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பிரச்சினை. எந்தக் கத்தியும் அதை வெட்டி எடுக்க முடியாது.

மூக்குக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம்?

மூக்கு நுனியில் தொடங்கி நுரையீரலின் நுண்குழாய்கள் வரை போவது ஒரே பாதை. மேலே சைனஸ், கீழே ஆஸ்துமா என்று தனித்தனி டாக்டர்களிடம் போகிறோமே தவிர, பலருக்கு இரண்டு இடத்திலும் எரிவது ஒரே நெருப்புதான். பாலிப் உள்ளவர்களின் மூக்குச் சவ்விலும், அலர்ஜி வகை ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாயிலும் இயோசினோஃபில் என்ற ஒரே வகை வெள்ளையணுக்கள் குவிந்திருக்கின்றன. அவற்றைத் தூண்டிவிடும் ரசாயனச் செய்திகளும் பெரும்பாலும் ஒன்றே.

அதனால்தான் மூக்கு மோசமானால் வீசிங்கும் மோசமாகிறது. மூக்கடைப்பால் வாய் வழியாக மூச்சு விடும்போது, வடிகட்டப்படாத, ஈரமில்லாத காற்று நேராக நுரையீரலுக்குப் போவதும் ஒரு காரணம்.

ஆஸ்துமா இருந்தால் ஆபரேஷன் பலன் தருமா?

தருகிறது. 2013இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 22 ஆய்வுகளில் இருந்த 891 ஆஸ்துமா நோயாளிகளின் நிலையைப் பார்த்தது. சைனஸ் ஆபரேஷனுக்குப் பிறகு சுமார் 76 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா முன்பைவிடக் கட்டுக்குள் வந்திருந்தது. சுமார் 85 சதவீதம் பேருக்கு மூச்சுத்திணறல் வரும் தடவைகள் குறைந்திருந்தன. ஸ்டீராய்டு மாத்திரையின் தேவையும் பலருக்குக் குறைந்தது.

ஆனால் இந்த எண்களைப் பார்த்ததும் இன்ஹேலரைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. அதே தொகுப்பாய்வில், ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையின் அளவுகளில் பெரிய மாற்றம் இல்லை. அதாவது தொந்தரவு குறைகிறது, ஆனால் ஆஸ்துமா அங்கேயேதான் இருக்கிறது. தவிர, இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆபரேஷனுக்கு முன், பின் என்று ஒப்பிட்டவைதான். ஆபரேஷன் செய்யாத இன்னொரு குழுவோடு ஒப்பிட்டவை குறைவு.

இன்னொன்றும் உண்டு. ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாத நேரத்தில் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. அதனால் தேதி குறிப்பதற்கு முன் நுரையீரல் டாக்டரையும் பார்ப்பது அவசியம். ‘மூக்குக்குத்தானே ஆபரேஷன், அங்க எதுக்கு?’ என்று நினைக்க வேண்டாம்.

திரும்ப வருமா?

மருத்துவமனை விளம்பரங்கள் பேசத் தயங்கும் கேள்வி இதுதான். பதில் எல்லோருக்கும் ஒன்று கிடையாது.

மேலே சொன்ன பிரிட்டன் தணிக்கையில், 5 ஆண்டுகளுக்குள் மறு ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் 19.1 சதவீதம். அதாவது ஐந்தில் ஒருவர். பாலிப் இருந்தவர்களில் இது சற்று அதிகம், இல்லாதவர்களில் சற்றுக் குறைவு.

அமெரிக்காவில் பாலிப் நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2017இல் வெளியான ஆய்வு இன்னும் கூர்மையானது. ஆபரேஷன் முடிந்த 6 மாதத்திலேயே 35 சதவீதம் பேருக்கு எண்டோஸ்கோப்பில் பாலிப் மீண்டும் தென்பட்டது. 18 மாதத்தில் அது 40 சதவீதம்.

பெல்ஜியத்தின் கென்ட் நகர ஆய்வாளர்கள் 12 ஆண்டுகள் காத்திருந்து பார்த்தார்கள். கடைசிவரை பரிசோதனைக்கு வந்த 38 பேரில் 30 பேருக்குப் பாலிப் திரும்பியிருந்தது. 14 பேர் மறு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்கள். யாருக்கு மறு ஆபரேஷன் தேவைப்படும் என்பதை முன்கூட்டியே காட்டிய இரண்டு அடையாளங்களில் ஒன்று, அலர்ஜி.

கேட்கவே பயமாக இருக்கிறதா? அதே ஆய்வின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 12 ஆண்டுகள் கழிந்தும் அந்த நோயாளிகளின் தொந்தரவு, ஆபரேஷனுக்கு முன் இருந்ததைவிடக் குறைவாகவே இருந்தது. பிரிட்டன் தணிக்கையிலும் இதே கதைதான். 22 கேள்விகள், மொத்தம் 110 மதிப்பெண் கொண்ட ‘ஸ்நாட்-22’ என்ற படிவத்தில் நோயாளிகளே தங்கள் தொந்தரவுக்கு மதிப்பெண் போடுவார்கள். அதில் ஆபரேஷனால் குறைந்த சராசரி 14 மதிப்பெண், 5 ஆண்டுகள் கழிந்தும் அப்படியே நீடித்தது.

பாலிப் திரும்பி வந்தாலே ஆபரேஷன் தோல்வி என்று சொல்லிவிட முடியாது. ‘இனி வரவே வராது’ என்று சொல்லி ஆபரேஷன் செய்வதுதான் தவறு.

அலர்ஜி மட்டும் இருந்தால்?

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மல், மூக்கில் அரிப்பு, தண்ணீராக ஒழுகுதல், கண் எரிச்சல். இவை அலர்ஜி மூக்கின் அறிகுறிகள். சைனஸில் அழற்சி இல்லாமல் இது மட்டும் இருந்தால், அதற்கு சைனஸ் ஆபரேஷன் மருந்து இல்லை.

அலர்ஜியும் நாள்பட்ட சைனஸும் சேர்ந்தே இருப்பவர்களுக்கு ஆபரேஷனால் அடைப்பும் பாரமும் குறையலாம். ஆனால் மெத்தையில் இருக்கும் தூசிப் பூச்சி அங்கேயேதான் இருக்கும். ஏசி ஃபில்டரின் தூசி, கரப்பான் கழிவு, சுவர்ப் பூஞ்சை எல்லாமே அப்படியே. தும்மல் தொடர்ந்தால், ‘ஆபரேஷன் பண்ணியும் போகல’ என்று டாக்டரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. அந்தத் தும்மலுக்காக அந்த ஆபரேஷன் செய்யப்படவே இல்லை.

வெப்பமும் ஈரமும் உள்ள நம் ஊர்களில் கவனிக்க வேண்டிய இன்னொரு வகை, பூஞ்சை அலர்ஜியால் வரும் சைனஸ் நோய். பசை போன்ற கெட்டிச் சளி சைனஸுக்குள் நிறைந்துவிடும். இதற்கு ஆபரேஷன் கட்டாயம் தேவை. ஆனால் பிறகு மருந்தை நிறுத்தினால் திரும்பும் வாய்ப்பும் இதில் அதிகம்.

பெயின்கில்லர்: யாரும் கேட்காத கேள்வி

ஆஸ்துமா, மூக்கில் பாலிப், ஆஸ்பிரின் ஒவ்வாமை. இந்த மூன்றும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது ஒரு தனி நோய்நிலை. ‘சாம்டர் முக்கூட்டு’ என்று மருத்துவ உலகில் பெயர். மாக்ஸ் சாம்டர், ரே பீர்ஸ் இருவரும் 1968இல் இதை விரிவாக எழுதியதால் வந்த பெயர் அது.

இவர்களுக்கு ஆஸ்பிரின் மட்டுமல்ல, ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற சாதாரண வலி மாத்திரைகளும் சில மணி நேரத்துக்குள் கடும் மூச்சுத்திணறலைக் கொண்டுவரலாம். பாலிப் மிக வேகமாகத் திரும்பி வருவதும் இவர்களுக்குத்தான்.

ஆபரேஷன் முடிந்ததும் வலிக்கு என்ன மாத்திரை எழுதுவார்கள் என்று யோசித்தால் இதன் தீவிரம் புரியும். முன்பு ஏதாவது வலி மாத்திரை போட்டு மூக்கடைத்தோ வீசிங் வந்தோ இருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் ‘உடம்பு வலிக்கு ஒண்ணு குடுங்க’ என்று வாங்குவதையும் நிறுத்துங்கள்.

உண்மையான வேலை டிஸ்சார்ஜுக்குப் பிறகுதான்

ஆபரேஷன் ஆகாத சைனஸுக்குள் ஸ்ப்ரே மருந்து போய்ச் சேர்வது மிகக் குறைவு. வாசல் பெரிதான பிறகுதான் மருந்தும் உப்புநீரும் உள்ளே நன்றாகப் போகும். அந்த வசதிக்காகத்தான் இத்தனை செலவும் வலியும். ஆனால் நடப்பது என்ன? மூச்சு நன்றாக வர ஆரம்பித்ததும் பலர் நிறுத்தும் முதல் விஷயமே ஸ்ப்ரேதான். கதவைத் திறந்து வைத்துவிட்டு விருந்தாளியை வர வேண்டாம் என்று சொல்வது போன்றது இது.

காரணம், ‘ஸ்டீராய்டு’ என்ற சொல்லின் மீதுள்ள பயம். மூக்கு ஸ்ப்ரேயில் ஒரு தடவை அடிப்பதில் பொதுவாக இருப்பது 50 மைக்ரோகிராம் அளவு. ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. ஸ்டீராய்டு மாத்திரைகளின் கணக்கோ மில்லிகிராமில், ஒரு மில்லிகிராம் என்பது 1,000 மைக்ரோகிராம். மாத்திரையைத் திரும்பத் திரும்பப் போடும் நிலை வராமல் இருக்கத்தான் ஸ்ப்ரே. ஸ்ப்ரேக்குப் பயந்து, கடைசியில் மாத்திரையில் போய் நிற்பவர்கள் அதிகம்.

அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்து (ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின்) வேறு, இது வேறு. அந்தச் சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், அதுவே மூக்கை அடைக்க ஆரம்பித்துவிடும்.

ஸ்ப்ரே அடிக்கும்போது தலையை லேசாகக் குனிந்து, வலது கையால் இடது துவாரத்துக்கும், இடது கையால் வலது துவாரத்துக்கும், காதுப் பக்கம் பார்த்து அடிக்க வேண்டும். நடுச்சுவரை நோக்கி அடித்தால் ரத்தம் கசியும். அடித்ததும் ‘சர்ர்’ என்று உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

உப்புநீர் கழுவலும் அவ்வளவு முக்கியம். ஆனால் குழாய்த் தண்ணீரை அப்படியே பயன்படுத்தக் கூடாது. 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில், குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இரண்டு பேர் மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்தார்கள். பக்கத்தில் கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சல் செய்திகளை வாசித்தவர்களுக்கு இதன் ஆபத்து தெரியும். கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர்தான் பாதுகாப்பு.

காப்பீடு எங்கே நின்றுவிடுகிறது?

பணக் கணக்கைப் பார்த்தால், பிரச்சினை நோயாளியின் சோம்பல் மட்டும் இல்லை என்பது புரியும். இந்தியாவில் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்வதற்குத்தான் பணம் தருகிறது. எல்லா நிறுவனங்களும் விற்கும் பொது பாலிசியான ‘ஆரோக்கிய சஞ்சீவனி’யை எடுத்துக்கொள்வோம். காது, மூக்கு, தொண்டை தொடர்பான சாதாரண நோய்களுக்கு அதில் 24 மாதக் காத்திருப்பு. அதைத் தாண்டி ஆபரேஷன் செய்தால், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு 60 நாள் வரைதான்.

பாலிப் திரும்ப வளர்வதைத் தடுக்கும் போராட்டமோ 61ஆம் நாளிலும் நடக்கிறது. ஸ்ப்ரே, எண்டோஸ்கோப் பரிசோதனை, அலர்ஜி சோதனை எல்லாமே கைக்காசு. மீண்டும் முற்றி ஆபரேஷன் வரை போனால், அதற்கு மறுபடியும் காப்பீடு கிடைக்கும். மாதாமாதம் சில நூறு ரூபாய் மருந்துக்குக் கொடுக்க மனமில்லாத அமைப்பு, ஆபரேஷன் பில்லைக் கட்டத் தயாராக இருக்கிறது. இந்தக் கணக்கு யாருக்கு லாபம்? நோயாளிக்கு நிச்சயமாக இல்லை.

ஊசி மருந்துகள் வந்துவிட்டனவே?

அழற்சியின் ரசாயனச் செய்திகளைத் தடுக்கும் ‘பயாலஜிக்’ ஊசிகள் இந்தத் துறையை மாற்றி வருகின்றன. பாலிப் நோய்க்கு டுபிலுமாப் மருந்தை அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2019இல் அனுமதித்தது. ஒமாலிசுமாப் 2020இலும், மெபோலிசுமாப் 2021இலும் அனுமதி பெற்றன. மூக்கையும் நுரையீரலையும் சேர்த்தே கவனிப்பது இவற்றின் பெரிய பலம்.

ஆனால் இவை 2 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை தொடர்ந்து போட வேண்டிய, விலை அதிகமான ஊசிகள். நிறுத்தினால் நோய் திரும்பலாம். ஆபரேஷனுக்குப் பிறகும் அடங்காதவர்களுக்கும், ஆஸ்துமா கடுமையாக உள்ளவர்களுக்கும்தான் இப்போதைக்கு இது முதல் தேர்வு.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

1. எனக்கு இருப்பது பாலிப் உள்ள சைனஸா, இல்லாததா? சிடி ஸ்கேனில் என்ன தெரிகிறது?
2. ஸ்ப்ரேயும் உப்புநீரும் போதுமான காலம், சரியான முறையில் எடுத்துப் பார்த்தாயிற்றா?
3. என் ரத்தத்தில் இயோசினோஃபில் எவ்வளவு? அலர்ஜி சோதனை தேவையா?
4. என் ஆஸ்துமா இப்போது கட்டுக்குள் இருக்கிறதா?
5. என் போன்றவர்களுக்குத் திரும்ப வரும் வாய்ப்பு எவ்வளவு?
6. ஆபரேஷனுக்குப் பிறகு எந்த மருந்து, எத்தனை காலம்? எழுதித் தர முடியுமா?

ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, மூக்கில் ரத்தம், கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வையில் மாற்றம் ஆகியவை இருந்தால் இந்தப் பட்டியலோடு உட்கார்ந்திருக்க வேண்டாம். உடனே டாக்டரைப் பாருங்கள்.

வார்த்தையை மாற்ற வேண்டும்

சர்க்கரை நோயாளியிடம் எந்த டாக்டரும் ‘ஒரே வாரத்துல சரியாயிடும்’ என்று சொல்வதில்லை. ‘கட்டுக்குள்ள வச்சுக்கலாம்’ என்கிறார்கள். நோயாளியும் அதை ஏற்றுக்கொண்டு மாத்திரையைத் தொடர்கிறார். அலர்ஜி, ஆஸ்துமாவோடு வரும் சைனஸும் அதே குடும்பத்து நோய்தான். ஆனால் இங்கே மட்டும் ‘நிரந்தரத் தீர்வு’ என்ற பலகை தொங்குகிறது.

அந்தப் பலகையை முதலில் கழற்ற வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வருடத்துக்கான மருந்துத் திட்டமும் எண்டோஸ்கோப் பரிசோதனைத் தேதிகளும் எழுதியிருக்க வேண்டும். இ.என்.டி. டாக்டரும் நுரையீரல் டாக்டரும் ஒரே ஃபைலைப் பார்க்க வேண்டும். காப்பீட்டு நிறுவனங்கள் 60 நாளோடு கையைக் கழுவாமல், தொடர் மருந்துக்கும் ஒரு பங்கு தர வேண்டும். ஊழியர்களுக்கு குரூப் பாலிசி எடுக்கும் கம்பெனிகள் இதைக் கேட்டு வாங்கவும் முடியும்.

திரும்ப வரலாம் என்று முன்பே தெரிந்தவர் ஸ்ப்ரேயை நிறுத்த மாட்டார். வரவே வராது என்று நம்ப வைக்கப்பட்டவர்தான் நிறுத்துவார். ஆபரேஷன் தேதியை குறிப்பவர்கள் இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துப் பேசினாலே, இரண்டாவது ஆபரேஷன்களில் சிலவற்றையாவது தவிர்க்கலாம்.